கோடிக்கரை நோட்டுப் புத்தகங்கள்

தை மாதத்தின் கடைசி வாரத்தில் ஒரு பிற்பகல், கல்லூரித் தமிழ்த்துறையின் பழைய மேஜைமீது நாற்பது நோட்டுப் புத்தகங்கள் என் முன்னால் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் முப்பத்திரண்டு, கடற்காற்றில் ஈரம் ஏறி உலர்ந்து, தாள்கள் நெளிந்து, அட்டை முனைகள் மடங்கிப் போனவை. ஒன்றன் பின்னட்டையில் சதுப்பு நிலத்துச் சேறு சாம்பல் நிறமாகக் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சிய எட்டும், கடையில் வாங்கியபோது இருந்த மெருகு குலையாமல், கோடிக்கரையைப் பாராத நோட்டுப் புத்தகங்களாகத் தனியே இருந்தன. இரண்டாம் ஆண்டு இலக்கிய வகுப்பு மாணவ மாணவியர் எழுதிக் கொடுத்த நினைவுக் குறிப்புகள் அவை.

பல ஆண்டுகளாக இந்த ஏற்பாட்டை நான் கைவிடாமல் நடத்தி வருகிறேன். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒரு புத்தகத்தைப் படிப்பது. அந்தப் புத்தகத்தில் வரும் ஓர் இடத்துக்குப் பிரயாணம் போவது. போய் வந்தபின், வழியிலும் அங்கேயும் கண்டவற்றைப் பற்றியும், தம் மனத்துக்கு மிகவும் உகந்த ஒரு நூலைப் பற்றியும், மதிப்பெண் என்ற பயம் குறுக்கிடாமல் தமக்குத் தோன்றியவண்ணம் எழுதுவது. நான் விதிக்கும் நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும், படித்ததைப் படித்ததாகவும் எழுத வேண்டும், ஒன்றை மற்றொன்றாக எழுதலாகாது. கேட்பதற்கு மிகச் சுலபமாகத் தோன்றும் இந்த நிபந்தனை, பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கடினமானது என்பதை அந்த நோட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பவர்களே அறிவார்கள்.

முதல் பத்துப் புத்தகங்களைப் படிக்கும்போது ஆண்டுதோறும் எனக்கு ஒரு வருத்தம் உண்டாகும். சூரியன் பொற்றட்டுப் போல் உதித்திருப்பான். அலைகள் கரையைத் தழுவியிருக்கும். பறவைகள் இன்னிசை பாடியிருக்கும். இயற்கை அன்னை பச்சைப் பட்டு உடுத்தியிருப்பாள். இவற்றுள் எதையும் அந்தப் பிள்ளை பார்க்கவில்லை. முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் பழகிய கை, பேனாவை எடுத்தவுடன் தானாகவே எழுதிக்கொண்டு போன வாக்கியங்கள் அவை. இது மாணவர்களுடைய குற்றமன்று. தன் கண்ணால் கண்டது எழுதத் தகுந்த விஷயம் என்று யாரும் அவர்களுக்கு இதுவரை சொன்னதில்லை. பதினோராவது புத்தகத்திலோ பன்னிரண்டாவதிலோ, அத்தகைய வாக்கியங்களுக்கு இடையே திடீரென்று ஒன்று தலை நீட்டும். இவ்வாண்டு அது, கோடிக்கரைச் சேற்றின் வாசனையைப் பற்றிய வாக்கியமாக இருந்தது. நாரத்தங்காய் உப்பில் ஊறும் தன் பாட்டியின் ஜாடியைத் திறந்தால் வரும் வாசனையே அது என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். அந்த வரியைப் படித்ததும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சதுப்பு நிலத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருந்தாலும், இந்த வாக்கியம் அவனுடையது. அவனும் அவன் பாட்டியும் அந்த ஜாடியும் இல்லாமல் அது பிறந்திராது.

பிரயாணமும் இயற்கையும் நூலும் தனித்தனி விஷயங்கள் என்று இக்காலத்தில் நாம் நினைக்கிறோம். நம்முடைய பழைய இலக்கியம் அவ்வாறு நினைத்ததில்லை. பத்துப்பாட்டில் சரிபாதியாகிய ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படை என்னும் வகையைச் சேர்ந்தவை. ஒரு வழியில் போய்த் திரும்பியவன், அந்த வழியில் போகப் போகிறவனை எதிரே கண்டு நிறுத்தி, இன்ன இடத்தில் இன்ன நிலம், இன்ன மரம், இன்ன மக்கள், அவர்கள் இன்ன உணவு இடுவார்கள் என்று விவரித்துச் சொல்வதே அந்த வகையின் அமைப்பு. போய்வந்த அனுபவம், பார்த்த நிலம், அதைச் சொல்லும் நூல் ஆகிய மூன்றும் அங்கே பிரிக்க முடியாதபடி ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. பிற்காலத்தில் உரைநடையில் இந்த மரபைத் தொடர்ந்தவர்கள் பலர். உலகத்தின் பல பாகங்களுக்கும் பிரயாணம் செய்து எழுதிய ஏ.கே. செட்டியார், தமக்கு முந்தைய தலைமுறைகளின் பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்து நூலாக்கினார். சிட்டியும் தி. ஜானகிராமனும் தலைக்காவேரி தொடங்கிக் கடல்வரை காவிரியைத் தொடர்ந்து சென்று ‘நடந்தாய் வாழி காவேரி’யை எழுதினார்கள். காவிரிப் படுகையில் பிறந்து அன்றாடம் அந்த நதியின் பாலத்தைக் கடந்து கல்லூரிக்கு வரும் பிள்ளைகள், அந்த நூலைப் படித்தபிறகுதான் பஸ்ஸின் ஜன்னல் வழியே ஆற்றைப் பார்க்கத் தொடங்கினார்கள் என்பதை என் அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

இவ்வாண்டு நாங்கள் படித்தது கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. 1950ஆம் ஆண்டு முதல் 1954ஆம் ஆண்டு வரை ‘கல்கி’ வாரப் பத்திரிகையில் தொடர்கதையாக வெளிவந்த அந்தப் பெரிய நாவலை முழுமையும் வகுப்பில் படிக்க அவகாசம் இல்லையாதலால், கோடிக்கரைப் பகுதிகளை எல்லோரும் படிப்பதென்றும், மற்றவற்றை அவரவர் விருப்பத்துக்கு விடுவதென்றும் தீர்மானித்தோம். இரண்டாம் பாகமாகிய ‘சுழற்காற்று’ கோடிக்கரையில்தான் தொடங்குகிறது. ஓடக்காரப் பெண் பூங்குழலி, கலங்கரை விளக்கத்தைக் காக்கும் அவளுடைய தந்தை, அவளைத் துரத்திச் சென்று புதைசேற்றில் அகப்பட்டுக்கொள்ளும் வந்தியத்தேவன், இரவில் சதுப்பு நிலத்தில் தோன்றி மறையும் கொள்ளிவாய்ப் பேய்கள் ஆகிய யாவும் பிள்ளைகளின் மனத்தை அப்படியே ஆட்கொண்டிருந்தன. விடியற்காலையில் பஸ் ஏறியபோது, அவர்கள் கோடிக்கரைக்குப் போகவில்லை. பூங்குழலியின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கோடிக்கரை என்ற பெயரே அந்த இடத்தின் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது. வடக்கிலிருந்து நேராக இறங்கி வரும் சோழநாட்டுக் கடற்கரை அந்த முனையில் திடீரென்று மேற்கே திரும்புகிறது. ஒருபுறம் வங்காள விரிகுடா, மறுபுறம் பாக் நீரிணை. வேதாரண்யத்துக்குத் தெற்கே, ஒரு பக்கம் தாழ்ந்த பசுமையான காடும், மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் சதுப்பும் உப்பளமுமாகக் கிடக்கும் அந்த நிலம், வெளிமான்களின் பொருட்டு 1967ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது. மலை இல்லை, அருவி இல்லை, உயர்ந்த கோபுரம் இல்லை. கண்ணை உடனே கவரக்கூடிய காட்சி எதுவும் இல்லாத இடம் என்பதாலேயே, மாணவர்களை அழைத்துச் செல்ல இதைக் காட்டிலும் தகுந்த இடம் கிடையாது என்பது என் அபிப்பிராயம். இங்கே பார்வையைச் சற்று நிறுத்திப் பார்த்தாலொழிய ஒன்றும் தெரியாது.

பிள்ளைகள் முதலில் தேடியது கலங்கரை விளக்கத்தை. இக்காலத்துக் கலங்கரை விளக்கங்கள் அங்கே உண்டு. அவர்கள் கேட்டது சோழர் காலத்ததை. கடற்கரையோரத்தில் நெடுங்காலம் சிதைந்த நிலையிலேனும் நின்றுகொண்டிருந்த அந்தப் பழைய செங்கற் கட்டடம், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையில் வீழ்ந்துவிட்டது. இன்று இருப்பவை அதன் இடிபாடுகளே. அவற்றின் எதிரே நின்ற பிள்ளைகளின் முகங்களில் ஏமாற்றம் வெளிப்படையாகத் தெரிந்தது. இருபத்தொரு நோட்டுப் புத்தகங்களில் இந்த ஏமாற்றம் பதிவாகியிருந்தது; கற்களைப் பார்த்துக் கண்ணீர் வந்ததாகச் சிலர் எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் வேறு விதமாக எழுதியிருந்தாள். தான் நாவலைப் படித்தபோது அந்த விளக்கை மிகப் பெரிதாக, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உயரத்துக்குக் கற்பனை செய்துகொண்டதாகவும், அடித்தளத்தின் அளவைக் காலடியால் அளந்து பார்த்தபோது அது அவ்வளவு உயரமாக இருந்திருக்க முடியாதென்று விளங்கியதாகவும், அத்தனை சிறிய விளக்கின் வெளிச்சத்தை நம்பி இருட்டில் படகோட்டி வந்தவர்களை நினைத்தபோதுதான் தனக்கு முதன்முதலாகக் கடல் பெரியதென்று பட்டதாகவும் அவள் விவரித்திருந்தாள். புத்தகம் கொடுத்த உயரத்துக்கும் காலடி அளந்த அகலத்துக்கும் நடுவே அவள் நின்ற அந்த ஒரு நிமிஷத்துக்காகவே பிரயாணச் செலவு முழுவதையும் கொடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

கொள்ளிவாய்ப் பேய்களைத் தேடிய மாணவர்களும் இருந்தார்கள். இரவில் சதுப்புப் பக்கம் போகக் கூடாதென்று வனத்துறைக் காவலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சேற்றுக்கடியில் தாவரங்கள் அழுகுவதால் உண்டாகும் வாயுக்கள் வெளிப்பட்டு ஒளிர்வதையே அந்தக் காலத்து மக்கள் பேயென்று கூறினார்கள் என்று ஒரு விளக்கம் உண்டென்பதை நான் எடுத்துச் சொன்னேன். அதைக் கேட்டு மாணவர்கள் திருப்தியடையவில்லை என்பதை நோட்டுப் புத்தகங்கள் காட்டின; விளக்கத்தை அறிந்துகொண்ட பிறகும் பயம் குறையவில்லை என்று ஒருவன் நேர்மையாக ஒப்புக்கொண்டிருந்தான்.

கோடிக்குழகர் கோயிலில் அதிக நேரம் தங்கவில்லை. ஆனாலும் ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. இத்தலத்து இறைவன் துணையின்றிக் கடற்கரையில் தனித்து இருப்பதைக் கண்டு இரங்கிச் சுந்தரர் பாடிய பதிகத்தைக் கோயிலின் முன் நின்று வாசித்துக் காட்டினேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் ஒருவர் இங்கே வந்து, எங்களுக்கு உண்டான தனிமை உணர்ச்சியையே அடைந்திருக்கிறார் என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். தேவாரத்தைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்த பையன் அவன்.

மறுநாள் காலையில் பறவைகளைப் பார்க்கப் போனோம். ஐப்பசி முதல் மாசி வரையில் அந்தச் சதுப்பு நிலத்தில் பறவைகளுக்குக் குறைவில்லை. பூநாரைகள் வெகு தூரத்தில், தண்ணீரும் வானமும் கூடும் இடத்தில், வெளிறிய ரோஜா நிறக் கோடாகத் தெரிந்தன. பிள்ளைகள் உத்ஸாகத்தால் கூச்சலிட ஆரம்பித்தபோது, உடன் வந்த காவலர், “சத்தம் போடாதீங்க தம்பி, கொஞ்சம் நின்னு பாருங்க, அதுங்க எங்கயும் போயிடாது,” என்றார். நின்றார்கள். அரைமணி நேரத்துக்குப் பிறகு, தூரத்துப் பூநாரைகளை விட்டுவிட்டு, காலடிக்குச் சமீபத்தில் ஈரச்சேற்றில் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருந்த, சிட்டுக்குருவி அளவேயான ஒரு பறவையின்மீது எல்லோருடைய கவனமும் திரும்பியது. அது கொசு உள்ளான். முப்பது கிராம் எடையே உள்ள அந்தப் பறவை, வடதுருவத்தை ஒட்டிய குளிர்ப் பிரதேசத்தில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, அங்கே பனிக்காலம் தொடங்குவதற்கு முன்னால் ஆயிரக்கணக்கான மைல் கடந்து இங்கே வந்து, கோடை தொடங்கும்போது திரும்பிப் போகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் இங்கே நெடுங்காலமாக இத்தகைய பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த சிறு வளையத்தை மாட்டி விடுவித்து, அவற்றின் வழியை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். ஒரு மாணவன், தன் வாழ்நாளிலேயே நீண்ட பிரயாணம் இந்த நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான் என்று பஸ்ஸில் பெருமிதத்தோடு நினைத்துக்கொண்டு வந்ததாகவும், அந்தப் பறவையின் கதையைக் கேட்டபிறகு அதைப் பார்க்கும் போதெல்லாம் எழுந்து நிற்க வேண்டும்போல் இருந்ததாகவும் எழுதியிருந்தான்.

பெயர் தெரியாத பறவையைப் பற்றி எப்படி எழுதுவது என்று அன்றைக்கு ஒரு மாணவி என்னைக் கேட்டாள். நியாயமான கேள்வி. பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுது, நடையை எழுது, எங்கே நின்றது என்று எழுது, பெயர் பிறகு வரும் என்றேன். ஆனாலும் பெயருக்கும் மதிப்பு உண்டென்று சொன்னேன். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லியிருக்கிறார். கும்பகோணம் கல்லூரியில் 1880ஆம் ஆண்டு ஆசிரியராக அமர்ந்த உ.வே. சாமிநாதையர், பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்தபோது, தமக்குக் கிடைத்த ஏடுகளில் அந்தப் பூக்களின் வரிசையில் சில பெயர்கள் விடுபட்டிருப்பதைக் கண்டு, உதிர்ந்துபோன அந்த மலர்களைத் தேடி அலைந்து, கடைசியில் தருமபுர ஆதீனத்து ஏட்டில் அவற்றைக் கண்டு மகிழ்ந்தார். சில பூக்களின் பெயருக்காக ஒரு பெரியவர் அவ்வளவு பாடுபட்டார் என்ற செய்தி, பத்துப்பாட்டைப் படித்ததைக் காட்டிலும் அதிகமாக, மாணவர்களுக்கு அதன்மீது அன்பு உண்டாக்கியது. மா. கிருஷ்ணனைப் பற்றியும் அன்று சொன்னேன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகனாகிய அவர், 1950ஆம் ஆண்டு முதல் 1996இல் மறையும் வரையில் ‘தி ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் நம் நாட்டு மிருகங்களையும் பறவைகளையும் மரங்களையும் பற்றி இடைவிடாமல் எழுதியவர், தமிழிலும் எழுதியவர். தம் வீட்டு முற்றத்தில் வந்து அமரும் பறவையையும், காட்டில் கண்ட யானையையும் ஒரே சிரத்தையோடு வர்ணித்தவர். அவருடைய கட்டுரைகளை நூலகத்தில் தேடி எடுத்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேருடைய குறிப்புகளிலும் இயற்கை அன்னை வரவில்லை. மைனா வந்தது, ஓணான் வந்தது, கல்லூரி வாசல் பூவரசமரம் வந்தது.

இனி, மெருகு குலையாத அந்த எட்டுப் புத்தகங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று மாணவர்கள் இரவில் வேலைக்குப் போகிறவர்கள். இரண்டு நாள் கூலியை இழக்க அவர்களுடைய குடும்பங்களால் முடியவில்லை. ஐந்து பெண்களுக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. ஒருத்தியின் தகப்பனாரிடம் நானே போய்ப் பேசினேன். “நீங்க சொல்றது சரிதான் சார், ராத்திரி தங்கறதுதான்...” என்று அவர் இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். வகுப்பே சேர்ந்து போகும் இடத்துக்குக்கூட ஒரு பெண் போக முடியாமல் இருப்பது எனக்கு ஆண்டுதோறும் ஆறாத மனத்தாங்கலை உண்டாக்குகிறது. அதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன். ஆயினும் அவர்கள் எழுதியவை எவ்விதத்திலும் குறைந்தவை அல்ல. அவர்களுள் ஒருத்தி, நாள்தோறும் கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வரும் பஸ் பிரயாணத்தை எழுதியிருந்தாள்: நடவு, களையெடுப்பு, கதிர் முற்றல், அறுவடை என்று ஒரே வயல் ஜன்னலுக்கு வெளியே ஓராண்டில் மாறிக்கொண்டு போனதையும், தனக்குப் பக்கத்து இருக்கையில் எப்போதும் உட்காரும் பூக்காரம்மாளின் கூடையில் பருவத்துக்குப் பருவம் பூ மாறியதையும் ஒன்றோடொன்று பொருத்தி அவள் எழுதியிருந்த விதம், நான் படித்த பிரயாணக் கட்டுரைகளில் நல்ல இடம் பெறத் தகுந்தது.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் கலங்கவைத்த புத்தகம் வேறொன்று.

திரும்பி வரும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் பஸ்ஸை நிறுத்தினோம். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் ராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்ட சத்தியாக்கிரகத் தொண்டர்கள், கால்நடையாக வேதாரண்யம் சேர்ந்து, அம்மாதம் 30ஆம் நாள் அங்கே உப்பெடுத்துச் சட்டத்தை மீறினார்கள். அந்த இடத்தில் எழுப்பியிருக்கும் நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு, அருகிலிருந்த உப்பளத்தின் வரப்பில் நடந்தோம். மழை நின்று பாத்திகளைச் சீர்செய்யும் காலம் அது. பெண்கள் சிலர் வரிசையாக நின்று பாத்தியின் தரையைக் காலால் மிதித்து இறுக்கிக்கொண்டிருந்தார்கள். வெயில் ஏறிவிட்டது, நீரில் பட்டுத் திரும்பிய ஒளி கண்ணைக் கூசச் செய்தது. பிள்ளைகள் வரப்பில் நின்று கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பாத்தியில் நின்ற ஒரு பெண் நிமிர்ந்து, முகத்தில் விழுந்த துணியை விலக்கி, எங்கள் கூட்டத்தைப் பார்த்து, “ஏண்டி, நீயுமா பாக்க வந்தே?” என்றாள்.

எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியின் சித்தி அவள். அந்த ஊர்ப் பக்கத்துப் பெண்தான் அந்த மாணவி என்பது எனக்குத் தெரியும். அவள் தாயும் அளத்தில் வேலை செய்பவள் என்பது தெரியாது. இரண்டு நாட்களாக அவள் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. ஒரு கணம் தயங்கி நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, பாத்தியில் இறங்கி, சித்தியின் பக்கத்தில் நின்று, அவளுடைய கால்களின் தாளத்துக்கே மிதிக்கத் தொடங்கினாள். படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் கைகளைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அவளுடைய நோட்டுப் புத்தகத்தை நான் கடைசியில் வைத்துப் படித்தேன். அளத்தில் நடந்ததைப் பற்றி அதில் ஒரே ஒரு வாக்கியந்தான் இருந்தது: சேறு இன்னும் சரியாக இறுகவில்லை என்று. மனத்துக்கு உகந்த நூல் என்று ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிக’ளைக் குறித்திருந்தாள். தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்க்கையைச் சொல்லும் நாவல் அது. கல்லூரிப் படிப்பு வாய்க்காமல், இளம் வயதிலேயே மணமாகி, தாமாகவே கற்று எழுத்தாளரான அந்த அம்மையார், ஒரு தொழிலைப் பற்றி எழுத நினைத்தால், அந்தத் தொழில் நடக்கும் இடத்துக்கே சென்று, அந்த மக்களோடு பழகி, அவர்களுடைய பேச்சைக் கேட்டு எழுதும் இயல்பு உடையவர். பிரயாணம் என்பதற்கு அவர் கொடுத்த அர்த்தம் அது. மாணவி அந்த நாவலைப் புகழ்ந்து ஒன்றும் எழுதவில்லை. ஒரு பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரித்து, தன் தாய் பேசும் அளத்துச் சொற்களில் எவை அந்தப் புத்தகத்தில் இருக்கின்றன என்பதை ஒரு பக்கத்திலும், எவை இல்லை என்பதை மறுபக்கத்திலும் எழுதியிருந்தாள். இல்லாத சொற்களின் பட்டியலே நீளமாக இருந்தது. வேதாரண்யத்துக்கும் தூத்துக்குடிக்கும் பேச்சு வேறல்லவா? நூலை அவ்வளவு அன்போடும், அவ்வளவு உரிமையோடும் படித்த ஒரு குறிப்பை நான் வெகுநாட்களாகப் பார்த்ததில்லை.

அந்த நூலாசிரியரின் வேறு புத்தகம் எது இருக்கிறதென்று நூலகத்தில் கேட்டு, ‘குறிஞ்சித்தே’னை எடுத்துப் படித்திருக்கிறாள். அது நீலகிரியில் வாழும் படகர்களைப் பற்றிய நாவல். கடல்மட்டத்திலேயே பிறந்து வளர்ந்து, மலை என்பதைப் படத்தில் மட்டுமே பார்த்த அந்தப் பெண்ணுக்கு, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி பெரிய ஆச்சரியமாக இருந்திருக்கிறது. பூத்து முடிந்ததும் அந்தச் செடி மடிந்துபோகும். விழுந்த விதையிலிருந்து முளைத்தது, மறுபடியும் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்து பூக்கும். மலைவாழ் மக்கள் குறிஞ்சி பூத்த கணக்கை வைத்து வயதைச் சொல்வதுண்டு என்பதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, அவள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். மேற்கு மலைகளில் கடைசியாகக் குறிஞ்சி பெருவாரியாகப் பூத்தது 2018ஆம் ஆண்டில். அந்த ஆண்டு அவள் ஏழாம் வகுப்பு. மலையில் பூ உதிர்ந்து சில வாரங்களுக்கெல்லாம், நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில், கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. வேதாரண்யத்துத் தென்னந்தோப்புக்களும் கோடிக்கரைக் காட்டு மரங்களும் ஒரே இரவில் சாய்ந்தன. அவர்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற தென்னைகளும் அவற்றில் அடங்கும். கூரை இல்லாத வீட்டில், பள்ளிக்கூடப் புத்தகங்களைச் சமையல் அண்டாவுக்குள் போட்டு மூடித் தன் தாய் காப்பாற்றியதை அவள் எழுதியிருந்தாள். அதே ஆண்டில் மலை முழுவதும் நீலமாக இருந்தது அப்போது தனக்குத் தெரியாது என்றும், தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்லத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாள்.

அதற்கு முந்திய பூப்பு 2006இல். அது அவள் பிறந்த ஆண்டு. அப்படியானால் மலைக் கணக்கில் தனக்கு இன்னும் இரண்டு குறிஞ்சி ஆகவில்லை என்று ஒரு வரி. அதன்கீழே, கொஞ்சம் இடம் விட்டு, 2030 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் சிறிய எழுத்தில், அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், உப்பு வாரும் காலத்தில் வர மாட்டார்கள், மழை வந்து வேலை நின்றால் வருவார்கள் என்று குறித்து வைத்திருந்தாள்.